சோஃபியாவை ஒரே நாளில் நடந்தே பார்ப்பது எப்படி? கீழே இருந்து ஆரம்பியுங்கள்

பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவுக்குப் போன முதல் நாள் நானும் எல்லோரையும் போல நேரே அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி பேராலயத்தின் தங்க முலாம் பூசிய கோபுரத்துக்குத்தான் போனேன். ஐம்பது படம் எடுத்தேன், ஒரு காபி குடித்தேன், இவ்வளவுதானா ஊர் என்று அறைக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் மெட்ரோ நிலையத்தில் தப்பான பக்கம் வெளியேறியபோதுதான் விஷயம் புரிந்தது: இந்த ஊரில் பழைய சரக்கெல்லாம் தரைக்குக் கீழேயும் கட்டடங்களுக்குப் பின்னாலும் கிடக்கிறது. அதனால் வரிசையை அப்படியே திருப்பிப் போட்டு எழுதுகிறேன்.

படி 1: செர்டிகா மெட்ரோ நிலையம்

விமான நிலையத்தின் இரண்டாம் டெர்மினலிலிருந்தே மெட்ரோ கிளம்புகிறது. முதல் டெர்மினலில் இறங்கினால் இலவசப் பேருந்தில் இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். தனி அட்டை எதுவும் வாங்க வேண்டாம், வங்கி அட்டையையே கேட்டில் தட்டலாம். வண்டி மாறாமல் செர்டிகாவில் இறங்கலாம்.

இறங்கியதும் மேலே ஓடாதீர்கள். மெட்ரோ தோண்டும்போது வெளிப்பட்ட ரோமானிய ஊர் அங்கேயே இருக்கிறது: கல் பாவிய தெரு, வீடுகளின் அடித்தளம், எல்லாம் நீங்கள் நடக்கும் மட்டத்திலேயே. செர்டிகா என்பது இந்த ஊரின் அன்றைய பெயர்; ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 'செர்டிகாதான் என் ரோம்' என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பக்கத்திலேயே சாலை மட்டத்துக்குக் கீழே பதுங்கியிருக்கும் சின்னஞ்சிறு தேவாலயம் ஸ்வேதா பெட்கா. முதல் நாள் அதன் கூரையை ஏதோ கிடங்கின் கூரை என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்!

படி 2: வட்டக் கோயிலைக் கண்டுபிடிப்பது (நான் மாட்டிக்கொண்ட இடம்)

புனித ஜார்ஜ் ரோட்டுண்டா, நான்காம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடம். ஊரிலேயே மிகப் பழைய கட்டடம் இதுதான் என்கிறார்கள். மேப்பைப் பார்த்தால் நீங்கள் அதன் மேலேயே நிற்பதாகக் காட்டும். ஆனால் சுற்றிலும் அரசாங்கக் கட்டடச் சுவர், பெரிய ஹோட்டல் சுவர். இருபது நிமிடம் அந்தப் பிளாக்கை இரண்டு முறை வலம் வந்தேன், சாமி தரிசனம் மட்டும் கிடைக்கவில்லை. விடை இதுதான்: குடியரசுத் தலைவர் அலுவலக வாசலில் சீருடையில் இரண்டு காவலர்கள் நிற்பார்கள். அந்தக் கட்டடத்தை ஒட்டி முற்றத்துக்குள் போகும் வளைவு வழி ஒன்று இருக்கிறது. பார்த்தால் நுழையக் கூடாத இடம் போலத்தான் இருக்கும், தைரியமாக நுழையுங்கள். உள்ளே முற்றத்தின் நடுவில், ரோமானிய இடிபாடுகளுக்குப் பக்கத்தில், செக்கச்செவேல் என்று உட்கார்ந்திருக்கிறது. மணி அடிக்கும் நேரத்துக்குப் போனால் காவலர் மாறுவதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

படி 3: நான்கு வழிபாட்டிடம், பத்து நிமிட நடை

செர்டிகாவைச் சுற்றியே 1566இல் கட்டிய பான்யா பாஷி மசூதி, 1909இல் திறந்த யூதர்களின் ஜெபாலயம், கத்தோலிக்கப் பேராலயம், ஆர்த்தடாக்ஸ் தேவாலயமான ஸ்வேதா நெதெல்யா எல்லாம் இருக்கின்றன. கடைசியில் சொன்ன தேவாலயத்தில் 1925 ஏப்ரல் 16 அன்று ஒரு இறுதிச் சடங்கின்போது குண்டு வெடித்து 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மன்னர் மூன்றாம் போரிஸ் அப்போது அங்கே இல்லை, அதனால் தப்பினார்.

மசூதிக்குப் பின்னால் பழைய வெந்நீர்க் குளியல் மாளிகை, இப்போது நகர வரலாற்று அருங்காட்சியகம். அதன் அருகே குழாய்களில் இயற்கை வெந்நீர் இலவசமாகக் கொட்டுகிறது. உள்ளூர்த் தாத்தா பாட்டிகள் ஐந்து லிட்டர் கேன்களோடு வரிசையில் நிற்கிறார்கள். பாட்டிலை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். என் கணக்கில் ஊரின் சிறந்த காட்சி இந்த வரிசைதான்.

படி 4: மஞ்சள் கல் சாலை, பிறகு நெவ்ஸ்கி

அங்கிருந்து கிழக்கே மஞ்சள் கல் பாவிய சாலை போகிறது. மழை பெய்தால் வழுக்கும். எண்ணெய் தேய்த்த தரை மாதிரி வழுக்கும், நான் விழுந்தேன், அதனால் சொல்கிறேன். பிடிப்புள்ள ஷூ போடுங்கள், ஸ்டைல் செருப்பு வேண்டாம்.

வழியில் அழகான ரஷ்யத் தேவாலயம் வரும். அப்புறம் ஊருக்கே பெயர் கொடுத்த புனித சோஃபியா. வெளியே வெறும் செங்கல், பார்க்க ஒன்றுமில்லை என்று பலரும் தாண்டிவிடுகிறார்கள். ஆறாம் நூற்றாண்டுக் கட்டடம், அடியில் பழைய கல்லறைகளையும் இறங்கிப் பார்க்கலாம். கீழே கீழே என்று நான் சொல்வதன் அர்த்தம் அங்கே புரியும். எதிரே கடைசியாக அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி. 1877-78 ரஷ்ய-துருக்கிப் போரில் மாண்ட ரஷ்யப் படைவீரர்களின் நினைவாக எழுப்பியது. மற்றதையெல்லாம் பார்த்துவிட்டு மாலை வெயிலில் வந்து நின்றால்தான் அதன் பிரம்மாண்டம் உறைக்கிறது. காலையில் வந்தால் அது வெறும் போஸ்ட்கார்டு.

படி 5: தலையை நம்பாதீர்கள்

பல்கேரியர்கள் ஆமாம் என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்கள். இல்லை என்றால் மேலே ஒரு வெட்டு. சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சா என்ற பலகாரம் இருக்கிறதா என்று கேட்டேன், கடைக்கார அம்மா தலையை ஆட்டினார், நான் நன்றி சொல்லி நடையைக் கட்டினேன். பாவம், அவர் பொட்டலம் கட்ட ஆரம்பித்திருந்தார். நம் ஊர்த் தலையாட்டலும் இதே ஜாடைதானே, அங்கே போய் இதில் ஏமாந்தது எனக்கே வெட்கம். வாயைக் கவனியுங்கள்: 'டா' என்றால் ஆமாம், 'நே' என்றால் இல்லை.

மொழிபெயர்ப்புக்கு கூகுள் கேமரா போதும், மற்றதெல்லாம் வீண். ஆனாலும் விமானத்திலேயே பல்கேரிய மொழியின் சிரிலிக் எழுத்துகளை அரை மணி நேரம் பழகிவிடுங்கள். இல்லாவிட்டால் 'ரெஸ்டோரண்ட்' என்று எழுதிய உணவகப் பலகை (PECTOPAHT) எல்லாம் உங்களுக்கு 'பெக்டோபாஹ்ட்' என்றுதான் தெரியும்.

சைவம் சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டாம். தாராதோர் என்று ஒரு குளிர்ந்த சூப் கேளுங்கள், நம் வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியைக் கரைத்துக் குடிப்பது போல இருக்கும், மேலே வால்நட். பூண்டு போடுவார்கள், வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை: நான் போனபோது லெவ் நோட்டு. 2026 ஜனவரி 1 முதல் யூரோதான், அதனால் பழைய பதிவுகளில் நீங்கள் பார்க்கும் விலையை ஏறக்குறைய இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பொயானா தேவாலயத்தை ஏன் விட்டீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். விடவில்லை, மறுநாளுக்கு வைத்திருக்கிறேன். அது வித்தோஷா மலையடிவாரத்தில், ஊரின் ஓரத்தில். 1259இல் தீட்டிய சுவரோவியங்களைப் பாதுகாக்கச் சிறு சிறு குழுவாகத்தான் விடுகிறார்கள், பத்தே நிமிடம். வெளியே காத்திருக்கும் நேரம்தான் அதிகம். முதலில் வலப்பக்கச் சுவரா இடப்பக்கமா என்று யோசித்தே நான் இரண்டு நிமிடத்தைத் தொலைத்தேன், அதனால் கோயிலுக்குக் கொடையளித்த கலோயான், அவர் மனைவி தெசிஸ்லாவா இருவரின் படங்களையும் முன்பே இணையத்தில் பார்த்து வைத்துக்கொண்டு, உள்ளே போனதும் நேராக அவர்களைத் தேடிப் போங்கள்.