கணினி அறிவியலா, கணினிப் பொறியியலா? அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு யுபியுவில் விண்ணப்பிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் (படிவம் 5, 6 இறுதித் தேர்வுகள்) முடிவு வரும் சமயத்தில் கெடாவின் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். தோட்டத்தில் வளர்ந்த அப்பா அம்மாவுக்கு ‘இன்ஜினியர்’ என்றால் தனி மரியாதை. அதனால் கணினிப் பொறியியல் பெரிய படிப்பு, கணினி அறிவியல் அதற்கு ஒரு படி கீழே என்று பிள்ளையைக் கேட்காமலேயே முடிவாகிவிடுகிறது. இதில் உசத்தி தாழ்த்தி எதுவும் கிடையாது, இரண்டும் வேறு வேறு படிப்பு, அவ்வளவுதான்.

எப்படி வேறு என்பதைப் பாடப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். கணினி அறிவியலில் அல்காரிதம், டேட்டா ஸ்ட்ரக்சர், டிஸ்கிரீட் மேத்ஸ், டேட்டாபேஸ், ஏஐ என்று மென்பொருள் பக்கம் போகும். கணினிப் பொறியியலில் சர்க்கியூட், எலக்ட்ரானிக்ஸ், டிஜிட்டல் லாஜிக், சிக்னல், மைக்ரோபிராசசர் என்று வன்பொருள் பக்கப் பாடங்கள் வரும். நிரல் எழுதுவது, ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் இரண்டிலும் உண்டு. ஆப் செய்ய ஆசைப்பட்டு, பெயரில் கணினி இருக்கிறதே என்று பொறியியலில் சேருகிற பிள்ளை, இரண்டாம் ஆண்டில் சிக்னல் பாடமும் அதோடு வரும் கால்குலஸும் வந்து நிற்கும்போது திணறிப்போகிறது. அதற்காக அறிவியல் பக்கம் கணக்கு குறைவு என்றும் நினைக்காதீர்கள், அங்கே நிரூபணமும் நிகழ்தகவும் இருக்கிறது. அப்புறம், கணினிப் பொறியியல் என்றால் லேப்டாப் ரிப்பேர் செய்யும் படிப்பு என்று சில பெரியவர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

பெரிய குழப்பம் பட்டத்தின் பெயரில்தான். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்று இருந்தாலும் இங்கே அது பெரும்பாலும் கணினித் துறையின் கீழ்தான் நடக்கிறது. இன்ஜினியரிங் டெக்னாலஜி என்று முடிந்தால் அது இன்னொரு பாதை, அதை முடித்தவர்கள் பொறியியல் தொழில்நுட்பவியலாளராகப் பதிகிறார்கள். மலேசியாவில் பெயருக்கு முன்னால் ‘ஐஆர்’ (தொழில்முறைப் பொறியாளர்) போட வேண்டும் என்றால், ஈஏசி என்ற பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் முடித்து, மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்து, குறைந்தது 3 ஆண்டு அனுபவம் சேர்த்து, தொழில்முறைத் தேர்வில் தேற வேண்டும். மலேசியா 2009-இல் பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனதால் அந்த அங்கீகாரம் வெளிநாட்டிலும் எடுபடும். ஆனால் சாஃப்ட்வேர் வேலைக்குப் போனால் இந்த ‘ஐஆர்’ பட்டத்தை யாரும் கேட்கப் போவதில்லை. உங்கள் பிள்ளைக்கு அது உண்மையிலேயே தேவையா என்று முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

அடுத்த தவறு படிவம் 4-லேயே நடந்துவிடுகிறது, இதுதான் எனக்கு அதிக வருத்தம். 2020 முதல் கலைப் பிரிவு, அறிவியல் பிரிவு என்ற பாகுபாடு போய் மாணவர்களே பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பௌதிகம் கஷ்டம் என்று 16 வயதில் விட்டுவிட்டால், பொறியியல் கதவு அப்போதே ஏறக்குறைய மூடிவிடும். கூடுதல் கணிதத்தை விட்டால் இரண்டு பக்கமும் சிக்கல். மெட்ரிகுலேஷனில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) சேருகிறவர்களும் தங்கள் மோட்யூலில், அதாவது பாடத் தொகுப்பில், பௌதிகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறாக, பள்ளியில் கணினி அறிவியல் பாடமே இல்லை, அதனால் அந்தப் பட்டம் எடுக்க முடியாது என்று பயப்படத் தேவையில்லை. பொதுவாகப் பல்கலைக்கழகங்கள் பார்ப்பது கணக்கைத்தான்.

கூலிம் ஹைடெக் பார்க் என்ற தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால், கணினிப் பொறியியல் படித்தால் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்பது இங்கே பலருடைய கணக்கு. பாதிதான் சரி. சிப் தயாரிக்கும் ஆலையில் கெமிக்கல், மெட்டீரியல், எலக்ட்ரிக்கல் பொறியாளர்களுக்கும் பெரிய இடம் உண்டு. சிப் வடிவமைப்பு, அதைச் சோதிக்கும் வேலிடேஷன் வேலை என்று பார்த்தால் பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம்தான் அதிகம், அங்கே இன்டெல் 1972-லேயே வந்துவிட்டது. அதே நிறுவனங்களுக்கு டேட்டா, ஆட்டோமேஷன் வேலைகளுக்குக் கணினி அறிவியல் படித்தவர்களும் தேவைப்படுகிறார்கள். பொறியியல் படித்துவிட்டு நிரல் எழுதப் போவது எளிது. கணினி அறிவியல் படித்துவிட்டுச் சர்க்கியூட் பக்கம் வருவதுதான் கடினம்.

செலவையும் மறக்காதீர்கள். பொறியியல் பொதுவாக 4 ஆண்டு, கணினி அறிவியல் பல இடங்களில் 3 அல்லது மூன்றரை. தனியார் கல்லூரியில் அந்த வித்தியாசம் பெரிய பணம். கல்விக் கண்காட்சியில் ஏஜெண்ட் நீட்டும் விண்ணப்பப் பாரத்தில் உடனே கையெழுத்து போடாமல், அந்தப் படிப்பு எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) பதிவேட்டில் இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து தேடுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் கிடைக்காது.

இன்னும் குழப்பமாக இருந்தால், எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகப் பைதான் படித்துச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதுங்கள், விலை குறைந்த ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன எலக்ட்ரானிக்) போர்டு ஒன்று வாங்கி ஒரு சென்சாரையும் சின்ன விளக்கையும் இணையுங்கள். விளக்கு எரியாதபோது வயரைப் பிடித்துக்கொண்டு ராத்திரி வரை உட்காரத் தோன்றுகிறதா, இல்லை அதை ஒதுக்கிவிட்டுத் திரைக்குத் திரும்பத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் சமமாகப் பிடித்து, பௌதிகமும் நன்றாக வந்தால் யுபியு விண்ணப்பத்தில் பொறியியலைத்தான் முதலில் போடச் சொல்வேன், அங்கிருந்து இந்தப் பக்கம் வர வழி இருக்கிறது. பௌதிகம் பிடிக்கவே இல்லை என்றால் தயங்காமல் கணினி அறிவியலை முதலில் போடுங்கள், பக்கத்து வீட்டு மாமா என்ன சொன்னாலும் சரி.