லண்டன் நடைபாதையில் கேமராவோடு நிற்கிறீர்களா?

பொது நடைபாதையில் நின்று எதிரே தெரியும் கட்டடத்தைப் படமெடுக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். காவலாளி ஓடிவந்து படத்தை அழிக்கச் சொன்னாலும் அழிக்கத் தேவையில்லை. கேமராவைப் பிடுங்க அவருக்கு அதிகாரமே கிடையாது. போலீஸ் விஷயம் வேறு. பயங்கரவாதி என்று நியாயமான சந்தேகம் இருந்தால், 2000ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி உங்களைச் சோதிக்கலாம், படங்களைப் பார்க்கலாம், கேமராவைக் கைப்பற்றவும் செய்யலாம். அந்த இடத்திலேயே அழிக்க மட்டும் முடியாது.

அதற்கு முன் காலடியைப் பாருங்கள். தரையில் வரிசையாகப் பதித்த உலோகக் குமிழ்கள் பெரும்பாலும் தனியார் எல்லை. வங்கிகள் நிறைந்த லண்டன் வட்டாரமான கேனரி வார்ஃபில் பெரும்பகுதி தனியார் நிலம்தான். போகச் சொன்னால் போய்விட வேண்டியதுதான். மூன்று கால் கேமரா தாங்கியான ட்ரைபாடை விரித்து வழியை மறித்தால் 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 137ஆம் பிரிவு பாயலாம். கூட்டத்தில் ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் போதும்.