பிரான்சிலிருந்து கனடாவின் கியூபெக்கில் முதலில் குடியேறிய உங்கள் மூதாதையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

முதலில் குடும்பப் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். புதிய பிரான்சில் (வட அமெரிக்காவில் பிரான்சுக்கு இருந்த குடியேற்றம்) ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கும், நடுவில் ‘டி’ (dit, ‘என்கிற’) என்று ஒரு சொல் வரும், அண்ணன் ஒரு பெயரை வைத்துக்கொள்வான், தம்பி மற்றதை. நல்லவேளையாகப் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகியிருப்பார்கள்.

திருமணப் பதிவைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். மணமக்களின் பெற்றோர் பெயர் பெரும்பாலும் அதில்தான் கிடைக்கும், சில சமயம் பிரான்சில் எந்த ஊர் என்பதும். கியூபெக் நகரத் தேவாலயம் 1640இல் எரிந்துபோய், பழைய பதிவுகளை நினைவிலிருந்து திரும்ப எழுதினார்கள், அதனால் நோட்டரி ஆவணங்களையும் புரட்ட வேண்டும். அந்த ஆவணங்களில் சகாரி க்ளூட்டியே என்ற தச்சர் கையெழுத்துக்குப் பதில் கோடரிதான் வரைவார்!

அப்புறம் டிஎன்ஏ. ஆண்வழிக்கு ஒய் குரோமோசோம், தாய்வழிக்கு மைட்டோகாண்ட்ரியா. 1663–1673இல், அங்கே மணம் முடித்துக் குடியேற பிரெஞ்சு அரசர் செலவில் வந்த பெண்களான ‘அரசரின் மகள்க’ளில் ஒருத்தியைத் தேடுகிறீர்களா? அவளுடைய இரண்டு மகள்களிடமிருந்து, இடையில் ஆண் வராமல் இறங்கிய இரண்டு பேரைச் சோதியுங்கள். ஒத்துப்போனால் சரி, ஆவணச் சங்கிலிக்குப் பலம். தாய், தந்தை இருவர் வழியையும் கலந்து காட்டும் சாதாரண ஆட்டோசோமல் சோதனை இங்கே குழப்பும், ஏனென்றால் ஊரே பல வழியில் ஒன்றுக்குள் ஒன்று.