நத்தைக்கூட்டில் குடித்தனம்: மல்டி மீன் வளர்ப்பு

ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் சில இடங்களில் அடித்தரை முழுக்க நியோதௌமா என்ற நத்தையின் வெறுங்கூடுகள் குவிந்து கிடக்கும். அந்தக் கூடுகளுக்குள் குடியிருக்கும் சிக்லிட் மீன்களில் கடைக்காரர்கள் ‘மல்டி’ என்று சொல்வது நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபேசியேட்டஸ். ஆண் நாலரை சென்டிமீட்டர், பெண் மூன்று. இதே சாயலில் ‘சிமிலிஸ்’ என்று இன்னொன்று உண்டு. பட்டைகள் தலைவரை ஏறியிருந்தால் சிமிலிஸ், செவுளுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால் மல்டி. இரண்டையும் ஒரே தொட்டியில் கலக்க வேண்டாம். பிறகு குஞ்சு எந்த இனம் என்று சொல்ல முடியாமல் போகும்.

இரண்டடித் தொட்டி, அதாவது 60 × 30 × 30 சென்டிமீட்டர், ஒரு குடும்பத்துக்குப் போதும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே இதற்குச் சரி. தண்ணீரை வேகமாக உறிஞ்சும் ஃபில்டர், மீன் வாரியிறைக்கும் மணலையும் சேர்த்து இழுத்து மோட்டாரைக் கெடுக்கும். பாறை வைப்பதானால் முதலில் கண்ணாடித் தரைமேல் நேரடியாக வைத்துவிட்டு, அப்புறம் மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் வைத்த பாறையின் அடியை இந்த மீன்கள் தோண்டும். பாறை சரிந்து மீனையோ கண்ணாடியையோ உடைக்கும்.

மணல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். இந்தத் தொட்டிக்குச் சுமார் 14 கிலோ பிடிக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத பொடிமணலாகச் சலித்து, கலங்கல் நிற்கும்வரை அலசுங்கள். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம், அதன் முனைகள் கூர்மையானவை. இந்த மீனோ நாளெல்லாம் மணலை வாயில்தான் அள்ளுகிறது. கூட்டின் வாசலில் கவனித்துப் பாருங்கள்: பெண் மீன் வாய் கொள்ளும் மட்டும் மணலை அள்ளும், இரண்டு அங்குலம் தள்ளிப் போய்த் துப்பும், திரும்பி வரும். ஒரு வாரத்தில் அந்த இடத்தில் கண்ணாடித் தரையே தெரியும். மணலைத் திரும்பச் சமன்படுத்த வேண்டாம், அது அவற்றின் வீடு.

கூடு ஒரு மீனுக்கு மூன்றாவது இருக்கட்டும். ஆறு மீனுக்கு இருபது கூடு போட்டால் சண்டை அடங்கும். வயல் நத்தையின் கூடு நன்றாகவே உதவும். நாலைந்து சென்டிமீட்டர் அளவில், வாய் ரொம்ப அகலாததாகப் பொறுக்குங்கள். ஒடுங்கி நீளும் கடல் சங்குகளைத் தவிருங்கள், உள்ளே போன மீன் சிக்கிக்கொள்ளும். ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் கூட்டை எடுப்பதானால் காய்ந்த வெறுங்கூட்டை மட்டும், கையுறையோடு எடுங்கள். அந்த நத்தை மனிதனுக்கும் நோய் தரும் புழுவைச் சுமக்கக்கூடியது. எந்தக் கூடானாலும் 20 நிமிடம் கொதிக்கவைத்து, உள்ளே சதை மிச்சம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்த பிறகே தொட்டிக்குள் போக வேண்டும். மல்டிக்குக் கூடுகளை நெருக்கமாகக் குவியுங்கள். இதன் உறவான ஆசெலேட்டஸுக்கு நேர்மாறு: கூட்டுக்குக் கூடு ஒரு சாண் இடைவெளி, ஒரு தொட்டிக்கு ஒரே ஆண்.

தண்ணீரில்தான் பலர் தோற்கிறார்கள். பி.எச். 8 முதல் 9 வரை, வெப்பம் 24 முதல் 27 டிகிரி, கே.எச். (பி.எச்.-ஐ நிலையாகப் பிடித்துவைக்கும் கார்பனேட் கடினத்தன்மை) 10 டிகிரிக்குக் குறையாமல் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் தாதுக்கள் இல்லாததால் பி.எச். நிலைக்காது. கடினமான போர் தண்ணீர் பல வீடுகளில் அப்படியே பொருந்தும். உப்புக் கரித்தால் மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து இறக்குங்கள். கே.எச். குறைந்தால், 40 லிட்டருக்கு 1.2 கிராம் சமையல் சோடா ஒரு டிகிரி ஏற்றும். ஒரு நாளில் இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற விஷம் சேரும்; மீன் வாங்குவதற்கு முன்பே அதைச் சிதைக்கும் பாக்டீரியா தொட்டியில் வளர்ந்திருக்க வேண்டும். மற்ற மீன்களுக்கும் இது பொருந்தும் என்றாலும் இங்கே உயிர்ப் பிரச்சினை. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, 8.5-ல் அது 15 பங்கு. நாற்பது லிட்டருக்குக் கால் கிராம் அமோனியம் குளோரைடு போட்டால் அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகும். அது 24 மணி நேரத்தில், சிதையும்போது இடையில் உண்டாகும் நைட்ரைட்டும் மிஞ்சாமல் பூஜ்யமானால் தொட்டி தயார். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டால் சீக்கிரமே ஆகும்.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் 32 டிகிரி தொடும். பிராணவாயு குறையும், அமோனியா இன்னும் கூர்மையாகும். மூடியை எடுத்துவிட்டு நீர்மட்டத்தின் மேல் சின்ன விசிறி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான அளவை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள்; போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஆறு முதல் எட்டு இளம் மீன்களாக வாங்குங்கள், ஆண் பெண் தானாக அமையும். பொடித்த சிறு பெல்லெட், நீரில் வாழும் பொடி உயிரிகளான சைக்ளாப்ஸ், ஆர்ட்டீமியா கொடுக்கலாம். ரத்தப்புழுவைத் தினமும் போட்டால் வயிறு உப்பும், அந்த நோய் வந்தால் பிழைப்பது அரிது. வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும். பாதித் தொட்டியை ஒரேயடியாக மாற்றுவது இந்த மீனுக்கு ஆகாது.

இத்தொட்டியின் பெரிய அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. செத்த மீன் மேலே மிதந்து வராது, கூட்டுக்குள்ளேயே அழுகும். ஆகவே தீனி போடும்போதெல்லாம் தலையை எண்ணுங்கள். இரண்டு நாள் ஒன்று குறைந்தால், எவரும் அண்டாத கூட்டை எடுத்து முகர்ந்து பாருங்கள்.

முட்டையும் கூட்டுக்குள்தான். ஒன்றரை வாரம் போல் ஆனதும் வாசலில் கண்ணிமை முடி அளவில் குஞ்சுகள் தலைகாட்டும். பெரிய மீன்கள் தம் குஞ்சுகளைப் பொதுவாக விட்டுவைக்கும், பிரிக்கத் தேவையில்லை. புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைச் சொட்டுக்குழாயால் வாசலருகே விடுங்கள்.

மீனை வேறு தொட்டிக்கு மாற்ற வலை உதவாது. வலையைக் கண்டதும் கூட்டுக்குள் போய்விடும். கூட்டோடு மெதுவாகத் தூக்கி, பாத்திரத்துத் தண்ணீரின் மட்டத்துக்குச் சற்று மேலே, வாய் கீழ்நோக்க அசையாமல் பிடியுங்கள். உள்ளேயுள்ள தண்ணீர் வடிய வடிய மீன் தானாக இறங்கும். உலுக்கினால் இன்னும் ஆழமாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.