கட்டும் விளையாட்டில் எந்த யதார்த்தத்தை வைப்பது, எதை விடுவது

கனசதுரத் துண்டுகளை அடுக்கி உலகைக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் ஒரு துண்டு (பிளாக்) ஒரு கன மீட்டர். பையில் 36 இடங்கள் இருக்கின்றன, ஒவ்வோர் இடத்திலும் 64 கற்கள் அடங்கும்; ஆக 2,304 கன மீட்டர் கல்லை முதுகில் வைத்துக்கொண்டு ஒருவர் ஏணியில் ஏறிவிடலாம். ஒரு கன மீட்டர் தங்கம் 19 டன்னுக்கு மேல் இருக்கும் என்று அறிந்தவர்களும் இதைக் குறையாகச் சொல்வதில்லை. அடிமரத்தை வெட்டிய பிறகு மேல்மரம் அந்தரத்தில் நிற்பதும் யாரையும் உறுத்துவதில்லை. அதே உலகில் மணல், சரளை போன்ற சில பொருள்கள் மட்டும் அடியில் தாங்கல் இல்லையென்றால் சரிந்து விழுகின்றன; இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஆட்கள் குளத்தைத் தூர்க்கிறார்கள், பொறி அமைக்கிறார்கள், பாலைவனத்தில் சுரங்கம் வெட்டும்போது கூரைக்கு வேறு கல்லைத் தேடுகிறார்கள். நண்பர்கள் சேர்ந்து ஆட சர்வர் நடத்துபவராகவோ, விளையாட்டின் விதிகளை மாற்றும் நிரல் (மோட்) எழுதுபவராகவோ, சொந்தமாக ஒரு சிறிய விளையாட்டை உருவாக்குபவராகவோ நீங்கள் இருந்தால், இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு விதி இயற்கைக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது இரண்டாவது கேள்வி. அந்த விதியால் கட்டுபவர் எதையாவது யோசித்து முடிவெடுக்கிறாரா என்பதே முதல் கேள்வி.

ஆகவே சேர்க்க நினைக்கும் விதிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் “இது இருந்தால் ஆடுபவர் எதை வேறு விதமாகக் கட்டுவார்?” என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள். விடையில் ஒரு வடிவமோ, இடத்தேர்வோ, பொருள்தேர்வோ வந்தால் அந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள். “காத்திருப்பார்”, “இன்னும் நாலு முறை நடப்பார்” என்பது மட்டுமே விடையானால், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

நல்ல விதி எப்படி வேலை செய்கிறது என்பதை 2021-இல் முன்னோட்டமாக வெளிவந்த வால்ஹெய்ம் என்ற விளையாட்டில் ஒரு குடிசை கட்டிப் பார்த்தால் தெரியும். குளிருக்கு வீட்டுக்குள் நெருப்பு மூட்டினால், புகை மேலே போய்க் கூரையின் அடியில் தங்கும். வெளியேற வழியில்லையென்றால் அறை முழுவதும் நிறைந்து, உள்ளே இருப்பவரின் உயிர் குறையத் தொடங்கும். கூரையில் ஓட்டை போட்டால் மழை உள்ளே வரும். எனவே ஓட்டைக்கு மேலே, கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு சிறு கூரையைத் தூக்கி வைக்க நேர்கிறது. புகைபோக்கி கட்டு என்று அந்த விளையாட்டு எங்கும் கட்டளையிடவில்லை. புகைக்கும் மழைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் அதைத் தானாகவே கண்டுபிடிக்கிறார். தூண், உத்தரம் விஷயத்திலும் இதே நேர்த்தி இருக்கிறது. தரையைத் தொடும் துண்டு நீலமாகவும், தாங்கல் குறையக் குறையப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்றும் நிறம் மாறிக் காட்டும். அழுத்தம், முறுக்கம் என்ற பொறியியல் கணக்கு எதுவும் கிடையாது. தரையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பொருள் என்ற இரண்டு மட்டுமே. ஆனாலும் பெரிய மண்டபம் கட்டுகிறவர் நடுவில் தூண் வைப்பதா, இரும்பு பூட்டிய மரத்துக்குச் செலவிடுவதா என்று உண்மையான கொத்தனாரைப் போலவே யோசிக்க வேண்டியிருக்கிறது. இயற்பியலை இந்த அளவுக்குச் சுருக்கியதால் அது பொய்யாகிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியும் விதியாக மாறியது. ஆடுபவருக்குத் தெரியாமல் உள்ளே ஓடும் துல்லியமான கணக்கைவிட, நிறத்தில் தெரியும் எளிய கணக்குக்கே நான் எப்போதும் வாக்களிப்பேன். காரணம் தெரியாமல் இடிந்து விழும் சுவர் யாருக்கும் எதையும் கற்றுத் தருவதில்லை.

அளவைச் சுருக்குங்கள், ஆனால் உறவுகளைச் சிதைக்காதீர்கள். இதற்கு என் மனத்தில் முதலிடம், ராக்கெட் கட்டி விண்ணில் செலுத்தும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமுக்குத்தான். 2015-இல் முழு வடிவம் பெற்ற அந்த விளையாட்டில் கெர்பின் என்ற கோளின் ஆரம் 600 கிலோமீட்டர், அதாவது பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் தரையில் ஈர்ப்பு பூமியினுடையதே. அப்படியொரு கோள் இருக்க வேண்டுமானால் அதன் அடர்த்தி பூமியைப் போல் பத்து மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். நாம் அறிந்த எந்தப் பாறைக்கும் அது இயலாது. இந்த ஒரு பொய்யால் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு வேண்டிய வேகம் நொடிக்கு 7.8 கிலோமீட்டரிலிருந்து ஏறக்குறைய 2.3 கிலோமீட்டராகக் குறைகிறது. சில நிமிடங்களில் ராக்கெட்டை மேலே சேர்த்துவிடலாம், தவறினால் உடனே திரும்பவும் முயலலாம். ஆனால் சுற்றுப்பாதையின் தர்க்கம் அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது: முன்னே செல்லும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் பாதை உயர்ந்து நாம்தான் பின்தங்குவோம், கீழே இறங்கினால்தான் எட்டிப்பிடிக்க முடியும். நேரத்துக்கும் இது பொருந்தும். மைன்கிராஃப்டின் ஒரு நாள் 20 நிமிடங்கள், நம் நாளைவிட 72 மடங்கு வேகம். ஆனாலும் இருட்டுவதற்குள் கதவு வைக்க வேண்டும் என்ற பதற்றம் சற்றும் குறையவில்லை.

சில உண்மைகளை மறைத்துவிடுவதே நல்லது. நகரம் அமைக்கும் விளையாட்டான சிம்சிட்டியின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பை வடிவமைத்தவர்கள் உண்மையான நகரங்களில் வாகன நிறுத்தங்கள் எவ்வளவு இடத்தை விழுங்குகின்றன என்பதைக் கவனித்து, அதை அப்படியே கொண்டுவந்தால் நகரம் சலிப்பூட்டும் என்று அவற்றில் பெரும்பகுதியை நிலத்தடியில் இருப்பதாகக் கொண்டார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

இதைவிடச் சிக்கலானது அரைகுறை யதார்த்தம். நகரம் அமைக்கும் இன்னொரு விளையாட்டான சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் மக்களுக்கு வயதாகிறது, இறக்கிறார்கள், உடலை எடுத்துச் செல்ல வண்டி வர வேண்டும். இதுவரை சரி. ஆனால் ஒரு பெரிய குடியிருப்பை ஒரே மூச்சில் திறந்துவிட்டால், ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் ஒன்றாகக் குடியேறி, பிற்பாடு ஒன்றாகவே இறக்கிறார்கள். சுடுகாட்டு வண்டிகள் சாலையை அடைத்துக்கொள்ள, வீடுகள் காலியாகின்றன. முதுமையைச் சேர்த்து, வயதுக் கலப்பைச் சேர்க்காமல் விட்டால் வரும் விளைவு இது. ஓர் உண்மையைச் சேர்க்கும்போது, நிஜ உலகில் அதைச் சமன்செய்யும் மற்றோர் உண்மை எது என்று தேடுங்கள். இரண்டையும் சேர்க்க முடியாவிட்டால் இரண்டையும் விடுங்கள்.

நண்பர்கள் சிலருக்காக நடத்திய உலகில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். பையில் எடை வரம்பு வைத்தேன். வெட்டிய மரம் விளையாட்டுக் கணக்கில் இரண்டு நாள் காய்ந்த பிறகே பலகையாகும் என்றும் வைத்தேன். மரம் காயும் 40 நிமிடத்தில் எல்லோரும் வெளியேறிப் போனார்கள், மறுநாள் வந்தவர்கள் பாதிப் பேர். எடை வரம்பின் கேடு மெதுவாகத்தான் தெரிந்தது. மலையுச்சியில் கலங்கரை விளக்கம் தொடங்கிய நண்பர் ஒன்பது நடை கல் சுமந்துவிட்டு, பத்தாவது நடையில் கல்லை வழியிலேயே இறக்கி வைத்து, கல் வெட்டும் குழிக்குப் பக்கத்திலேயே ஒரு சதுர வீட்டைக் கட்டினார். மற்றவர்களும் அங்கேயே வந்துவிட, மலைகள் வெறுமையாகவே இருந்தன. மரம் காய்வதை உடனே நீக்கினேன். எடையை முழுவதும் நீக்காமல், ஆளின் பையிலிருந்து எடுத்து வண்டிக்கு மாற்றினேன்: பையில் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் பெருஞ்சுமையை வண்டியில் ஏற்றினால் பல மடங்கு வேகமாகப் போகும், செங்குத்தில் மட்டும் நின்றுவிடும். அதற்குப் பிறகு அவர்கள் சரிவைக் கணக்கிட்டு மலையைச் சுற்றி வளைந்து ஏறும் சாலை வெட்டினார்கள், ஓடைக்குப் பாலம் போட்டார்கள். கலங்கரை விளக்கமும் எழுந்தது. அதே எடைதான், முதுகில் இருந்தபோது தண்டனையாக இருந்தது, சாலைக்கு வந்ததும் கட்டுவதற்கான காரணமானது.

விதி கடுமையாக இருக்கலாம், ஆனால் பரிசோதனை மலிவாக இருக்க வேண்டும். தொழிற்சாலை கட்டும் விளையாட்டான சாட்டிஸ்ஃபாக்டரியில் ஓர் இயந்திரத்தைப் பிரித்தால் போட்ட பொருள் முழுவதும் திரும்பக் கிடைக்கிறது, வால்ஹெய்மிலும் அப்படியே. நிஜத்தில் இடித்த சுவரிலிருந்து பாதிச் செங்கல்கூடத் தேறாது என்று வாதிட்டு இதில் கைவைக்காதீர்கள். பிரித்தால் நஷ்டம் என்ற உலகில் யாரும் புதிய வடிவத்தை முயல்வதில்லை, தெரிந்த ஒன்றையே திரும்பத் திரும்பக் கட்டுவார்கள்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரே விதியை மாற்றுங்கள்; பிடித்திருக்கிறதா என்று கேட்பதைவிட, ஒரு வாரம் கழித்து எழுந்திருக்கும் கட்டடங்களைச் சுற்றிப் பாருங்கள். எல்லா வீடும் ஒரே சாயலில் இருந்தால் விதி இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். அந்தரத்தில் தொங்கும் பெட்டிகளாகவே இருந்தால், வடிவத்தைத் தீர்மானிக்கும் அளவுக்கு எந்த விதியும் இல்லை. கடைசியாக, “யதார்த்த முறை” என்று ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் கட்டிவைக்காமல், பசி, இரவு, இடிபாடு, இறந்தால் பொருள் இழப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொத்தான் வையுங்கள். மைன்கிராஃப்ட் தன் உலக விதிகளில் இரவை நிறுத்தவும், இறந்தாலும் பொருளைக் காக்கவும் தனித்தனியே இடம் தருவதால்தான், பசியோடு போராட விரும்பி, இழப்பை மட்டும் விரும்பாத ஒருவரும் அங்கே தனக்கு ஏற்ற உலகை அமைத்துக்கொள்ள முடிகிறது.