சர்க்கரை நோய் என்று தெரிந்த முதல் ஆண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இட்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் புதியவர்களைப் பார்க்கும்போதெல்லாம், 14 ஆண்டுகளுக்கு முன் அதே கலக்கத்தோடு அமர்ந்திருந்த என் நினைவுதான் வருகிறது. இனிப்பைக் குறைக்கவும் நடக்கவும் உங்களுக்கு ஊரே சொல்லியிருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளவு இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவது

எனக்கு முதலில் வெறும் வயிற்றில் சர்க்கரை 212 இருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் மாலை நடையுமாக மூன்று மாதத்தில் அது 108 ஆயிற்று. அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்டவர்களிடமெல்லாம் காட்டினேன். மருத்துவரிடம் மட்டும் காட்டவில்லை. குணமாகிவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, மீதியிருந்த மாத்திரை அட்டையை அலமாரியில் போட்டேன். கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விடாதபடி மெட்ஃபார்மின் பிடித்து வைத்திருந்தது என்பதும், மாத்திரை நின்றால் அந்தப் பிடியும் தளரும் என்பதும் எனக்குத் தெரியாது. உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காததால் எட்டு மாதம் நிம்மதியாகக் கழிந்தது. பிறகு செருப்புக் கடித்த சிறு புண் ஆறாமல் போகவே ஹெச்பிஏ1சி பார்த்தார்கள்: 10.4 சதவீதம், மிக அதிகம். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் அந்தப் பரிசோதனையை, முந்தைய இரண்டு நாள் வாயைக் கட்டி ஏமாற்ற முடியாது. ஆறு வாரம் புண்ணுக்குக் கட்டுப் போட அலைந்தேன்.

இன்றும் யாராவது "நார்மல் ஆயிற்று, நிறுத்திவிட்டேன்" என்றால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எடை குறைத்து, மருந்தே தேவைப்படாத நிலைக்கு வந்தவர்களும் உண்டு; ஆனால் அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி

கோதுமையும் மாவுச்சத்துதான். உருளைக்கிழங்குக் குருமாவோடு நான்கு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுப் பத்தியம் இருந்ததாக நினைக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய பரிசோதனை

இரண்டு மணி நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ணுங்கள்; கை கழுவியதிலிருந்து அல்ல.

வெறுங்கால்

வேண்டாம், வீட்டுக்குள்ளும்.

நோயை மறைப்பது

வெட்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் அலுவலகத்தில் சொல்லாமல் இருந்தேன். பின்னர் வேறொரு மாத்திரையும் சேர்ந்தபின், ஒரு நாள் மதிய உணவு தள்ளிப்போனதில் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கை நடுங்கியபோது, எனக்கு என்னவென்று பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியவில்லை. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இப்போது அதற்கான சர்க்கரைப் பொட்டலம் என் மேசையில் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.