ஐ.பி. கேமராவை ஹோம் அசிஸ்டென்ட்டுடன் இணைத்தல்: படம் வந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது

வீட்டு வலையில் இணையும் ஐ.பி. கேமரா ஒன்றை, வீட்டுச் சாதனங்களை ஒன்றிணைத்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளில் சேர்ப்பது அரை மணி நேர வேலை. அந்தக் கேமரா அனுப்பும் அறிவிப்பை வீட்டிலுள்ளவர்கள் மதித்துத் திறந்து பார்க்கும்படி செய்வதற்கு எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. முதல் வாரத்தில் ஓர் இரவு மட்டும் வாசல் கேமரா நாற்பது முறைக்கு மேல் 'நடமாட்டம்' என்று அறிவித்தது. போய்ப் பார்த்தால் லென்சுக்கு அருகே ஒரு பல்லி பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையிலேயே என் மனைவி தன் ஃபோனில் அந்த அறிவிப்பை நிறுத்திவிட்டார். ஆகவே படத்தை வரவழைக்கும் பகுதியைச் சற்றுச் சுருக்கமாகவும், வந்த படத்தை வைத்து வீட்டைச் சரியாக முடிவெடுக்க வைக்கும் பகுதியை விரிவாகவும் இங்கே எழுதுகிறேன்.

ஹோம் அசிஸ்டென்ட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், 2013 இல் பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருள் வீட்டுக்குள் இருக்கும் கணினியிலேயே ஓடுகிறது என்பதுதான். இணைய இணைப்பு அறுந்தாலும் வாசல் விளக்கு எரிய வேண்டும் என்பது என் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு.

கேமராவும் கேபிளும்

பெட்டியின் மேல் 'ஸ்மார்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்காமல், விவரப் பட்டியலில் ஆர்.டி.எஸ்.பி., ஓன்விஃப் என்ற இரண்டு பெயர்களும் உள்ளனவா என்று பாருங்கள். ஆர்.டி.எஸ்.பி. என்பது கேமராவின் காணொளியை நாம் கேட்டுப் பெறும் நெறிமுறை. ஓன்விஃப் என்பது ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய நிறுவனங்கள் 2008 இல் தொடங்கிய அமைப்பு வகுத்த பொதுத் தரம். கேமராவைத் திருப்புவதும் அது உணர்ந்த நடமாட்டத்தைச் செய்தியாகப் பெறுவதும் அதன் வழியாக நடக்கின்றன. நிறுவனத்தின் செயலியில் மட்டுமே பார்க்க முடிகிற கேமராக்களை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். பேட்டரியில் ஓடும் கேமராக்களில் பெரும்பாலானவை அந்த வகையைச் சேர்ந்தவை. ஓயாமல் படம் அனுப்பினால் பேட்டரி தாங்காது என்பதால் அவை எப்போதும் அரைத் தூக்கத்திலேயே இருக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே பழைய கேமராக்களும் அவற்றின் காட்சியைப் பதியும் டி.வி.ஆர். பெட்டியும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல டி.வி.ஆர். பெட்டிகள் ஒவ்வொரு சேனலையும் ஆர்.டி.எஸ்.பி. வழியாகத் தருகின்றன.

வைஃபையைவிடக் கேபிளே மேல் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பி.ஓ.இ. ஸ்விட்ச் இருந்தால் ஒரே கேட்-6 கேபிளில் மின்சாரமும் படமும் செல்லும், 100 மீட்டர் வரை இழுக்கலாம், 802.3ஏ.எஃப். தரத்தில் ஒரு போர்ட் தரும் 15.4 வாட், சாதாரண வெளிப்புறக் கேமராவுக்குப் போதும். ஆனால் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதால் எச்சரிக்கை தேவை. ஒரு கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதுதான் அடையாளம். பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய கேமரா, இருட்டி அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து எழுகிறது என்றால், இந்தக் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விளக்கு கேட்கும் கூடுதல் மின்சாரத்தை அதனால் கடைசிவரை கொண்டுசேர்க்க முடிவதில்லை.

ஹோம் அசிஸ்டென்ட்டைத் திறப்பதற்கு முன்

கேமராவின் ஐ.பி. முகவரி நாளுக்கொன்றாக மாறினால் எந்த இணைப்பும் நிலைக்காது. எனவே ரவுட்டரில் முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. பகுதிக்குச் சென்று ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஹோம் அசிஸ்டென்ட்டுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கைக் கேமராவில் உருவாக்குங்கள். சில கேமராக்களில் ஓன்விஃப் வசதி அணைக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது. அதை இயக்குவதோடு, அதற்கான பயனரையும் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். கடவுச்சொல் சரியாக இருந்தும் ஓன்விஃப் இணைப்பு மறுக்கப்பட்டால், கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். நுழைவுக் கோரிக்கையுடன் நேர முத்திரையும் சேர்ந்தே செல்வதால், இரு பக்கத்துக் கடிகாரங்களும் பெரிதும் வேறுபட்டால் கேமரா கதவைத் திறக்காது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

அடுத்து, வி.எல்.சி. என்ற காணொளி மென்பொருளில் 'நெட்வொர்க் ஸ்ட்ரீம்' பகுதியைத் திறந்து கேமராவின் ஆர்.டி.எஸ்.பி. முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். போர்ட் எண் வழக்கமாக 554. அதற்குப் பின் வரும் பாதை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கையேட்டிலிருந்து எடுங்கள். கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் முகவரி அந்த இடத்திலேயே தப்பாக உடைந்துவிடும். அதற்குப் பதிலாக %40 என்று எழுத வேண்டும். வி.எல்.சி.யில் படம் வராதவரை ஹோம் அசிஸ்டென்ட் பக்கம் போகவே வேண்டாம். சிக்கல் கேமராவிலா மென்பொருளிலா என்ற குழப்பம் இதனால் பாதியாகக் குறையும்.

பெரும்பாலான கேமராக்கள் ஒரே காட்சியை இரண்டு ஓட்டங்களாகத் தருகின்றன: முழுத் தெளிவுள்ள முதன்மை ஓட்டம், தெளிவு குறைந்த துணை ஓட்டம். இரண்டின் முகவரிகளையும் குறித்து வையுங்கள். பின்னால் இரண்டும் தேவைப்படும். காணொளிக் குறியாக்கம் எச்.265 ஆக இருந்தால், குறைந்தது துணை ஓட்டத்தையாவது எச்.264 க்கு மாற்றுங்கள். எச்.265 வட்டில் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் எல்லா உலாவிகளிலும் அது ஓடுவதில்லை, ஃபோனில் கறுப்புத் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். கேமராவின் அமைப்பில் ஐ-ஃபிரேம் இடைவெளி என்றொரு எண் இருக்கும். நொடிக்கு 15 படங்கள் என்றால் அதையும் 15 ஆகவே வையுங்கள். நொடிக்கொரு முழுப் படம் வருவதால் திறந்த உடனே காட்சி தெரியும்.

இணைப்பு

ஹோம் அசிஸ்டென்ட்டின் அமைப்புகளில், சாதனங்களைச் சேர்க்கும் பகுதிக்குச் சென்று ஓன்விஃப் என்று தேடி, ஐ.பி. முகவரி, போர்ட், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுத்தால் முடிந்தது. கேமரா, நடமாட்ட உணரி, சில மாடல்களில் மனிதர் உணரி ஆகியவை தனித்தனி உறுப்புகளாகத் தோன்றும். ஓன்விஃப் ஒத்துவராத கேமராவுக்குப் பொதுக் கேமரா என்ற வழி உண்டு, அதில் ஆர்.டி.எஸ்.பி. முகவரியை நேரடியாகக் கொடுக்கலாம், ஆனால் படம் மட்டுமே வரும், உணரிகள் வாரா. 2024 நவம்பர் பதிப்பிலிருந்து நேரலையைக் கடத்தும் கோ2ஆர்.டி.சி. என்ற நிரல் உடன்சேர்ந்தே வருவதால், முன்பு பல நொடிகள் பிந்தி வந்த நேரலை இப்போது ஏறக்குறைய உடனுக்குடன் வருகிறது.

நடமாட்டமும் மனிதரும் ஒன்றல்ல

எளிய கேமராக்களின் நடமாட்டக் கண்டறிதல், முந்தைய படத்துக்கும் இப்போதைய படத்துக்கும் இடையே எத்தனை புள்ளிகள் மாறின என்று எண்ணுவதோடு சரி. முருங்கைக் கிளை ஆடினாலும், மேகம் நகர்ந்தாலும், தெருவில் போகும் வண்டியின் விளக்கு மதிலில் ஓடினாலும் அதற்கு எல்லாம் ஒன்றே. இரவில் நிலைமை இன்னும் மோசம். அகச்சிவப்பு விளக்கை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சியை நாடிப் பல்லியும் சிலந்தியும் வரும். லென்சுக்கு இரண்டு விரற்கடை முன்னால் தொங்கும் ஒற்றை நூலாம்படை, அந்த வெளிச்சத்தில் வெள்ளைக் கயிறுபோல் ஒளிர்ந்து காற்றில் ஆடும். உணர்திறனைக் குறைத்தால் பல்லியும் நிற்கும், திருடனும் தப்புவான். கேமராவிலுள்ள அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றைச் சில அடி தள்ளிப் பொருத்தியதும், பூச்சிக் கூட்டம் அந்தப் பக்கம் இடம் மாறிவிட்டது. வாரம் ஒருமுறை ஒட்டடைக் கம்பைக் காட்டும் பழக்கமும் உதவுகிறது.

ஆனால் உண்மையான தீர்வு, நடமாட்டத்தை விட்டுவிட்டு மனிதரைத் தேடுவதுதான். கேமராவிலேயே மனிதரைப் பிரித்தறியும் வசதி இருந்தால் முதலில் அதை முயன்று பாருங்கள். இல்லையென்றால் ஃபிரிகேட் என்ற திறமூல மென்பொருளை நிறுவலாம். அதுவும் வீட்டுக் கணினியிலேயே ஓடுகிறது. முதலில் படத்தில் எங்கே மாற்றம் என்று பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதில் இருப்பது மனிதரா, நாயா, காரா என்று ஆராய்கிறது. ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியின் மையச் செயலியை மட்டும் நம்பி இதைச் செய்யப் பார்த்தால் பை திணறிவிடும். இன்டெல் என்100 போன்ற செயலியுள்ள சிறு கணினி, ஓபன்வினோ என்ற இன்டெல் மென்பொருள் வழியாக நான்கைந்து கேமராக்களைச் சிரமமின்றிக் கவனிக்கும்.

துணை ஓட்டமும் முதன்மை ஓட்டமும் பிரிவது இங்கேதான். கண்டறிதலுக்குத் துணை ஓட்டத்தை நொடிக்கு 5 படங்கள் என்ற அளவில் கொடுங்கள். பதிவுக்கு முதன்மை ஓட்டத்தைக் கொடுங்கள். ஃபிரிகேட் கண்டுபிடித்ததை எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி நெறிமுறை வழியாக ஹோம் அசிஸ்டென்ட்டுக்குச் சொல்லும் என்பதால், மாஸ்கிட்டோ என்ற செய்திப் பரிமாற்றியையும் நிறுவ வேண்டும். பிறகு 'வாசல்', 'கார் நிறுத்தம்' என்று மண்டலங்களை வரையுங்கள். வரையும்போது நினைவில் வைக்க வேண்டியது: மனிதரைச் சுற்றி மென்பொருள் போடும் பெட்டியின் கீழ்விளிம்பு நடுப்புள்ளி, அதாவது ஏறக்குறைய அவரது பாதம், மண்டலத்துக்குள் விழுகிறதா என்பதே கணக்கு. ஆகவே மண்டலத்தைக் கதவின் மேல் வரையாமல் தரையின் மேல் வரைய வேண்டும். மதிலுக்கு அப்பால் நடப்பவரின் தலை நம் வாசல் படத்தில் தெரிந்தாலும், அவர் பாதம் நம் தரையில் இல்லை என்பதால் அறிவிப்பு வராது.

தானியக்க விதி

என் வீட்டு விதியைச் சொல்கிறேன். வாசல் மண்டலத்தில் மனிதர் எண்ணிக்கை 0 இலிருந்து உயர்வது தூண்டுதல். சூரியன் மறைந்திருப்பது நிபந்தனை. நடப்பவை: விளக்கு எரியும், நிழற்படம் ஒன்று சேமிக்கப்படும், அந்தப் படத்தோடு ஃபோனுக்கு அறிவிப்பு போகும். எண்ணிக்கை மீண்டும் 0 ஆகி மூன்று நிமிடங்கள் கழித்து விளக்கு அணையும். அதன் பிறகு ஐந்து நிமிடக் காத்திருப்பு. விதி ஒற்றை ஓட்ட முறையில் இருப்பதால், அந்தக் காத்திருப்பு முடியும்வரை புதிய தூண்டுதல் எதுவும் எடுபடாது. விருந்தினர் வாசலில் நின்று அரை மணி நேரம் விடைபெற்றாலும் ஓர் அறிவிப்புதான் வரும். அதிகாலை 4.30 முதல் 6.30 வரை விளக்கு மட்டும் எரியும், ஃபோன் ஒலிக்காது. பால் போடுபவரும் பேப்பர் போடுபவரும் வரும் நேரம் அது.

மனிதரைத் தேடாமல் வெறும் நடமாட்டத்தை வைத்து விளக்கை இயக்குபவர்கள் ஒரு சுழலில் சிக்குவார்கள். விளக்கு எரிந்ததும் படம் முழுதும் மாறுகிறது. கேமராவின் உள்ளே இரவு வடிகட்டி 'டிக்' என்று நகர்ந்து, கறுப்பு வெள்ளைக் காட்சி வண்ணமாகிறது. கேமரா இதையும் நடமாட்டம் என்று எண்ணுகிறது. விளக்கு அணையும்போது மறுபடியும் அதே கதை. விடிய விடிய விளக்கு எரிந்து அணைவதைக் கண்டால் காரணம் பேயல்ல, இதுதான். விளக்கு நிலை மாறிய பின் பதினைந்து நொடிகளுக்கு நடமாட்டத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் சுழல் அறுபடும்.

சைரனைக் கேமரா ஒன்றை மட்டும் நம்பி ஒலிக்க விடாதீர்கள். கதவு உணரியும் சேர்ந்து சொன்னால் ஒலிக்கட்டும். கதவுப் பூட்டைத் திறக்கும் அதிகாரத்தையோ கேமராவுக்குக் கொடுக்கவே கூடாது.

வெளியுலகிலிருந்து மறைத்து வைத்தல்

2016 அக்டோபரில் டைன் என்ற நிறுவனத்தின், தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் பெயர்ச்சேவையை முடக்கி, பெரிய தளங்கள் பலவற்றைப் பயனர்களுக்கு எட்டாமல் செய்த மிராய் என்ற தீநிரலின் தாக்குதலுக்குப் படைகளாக இருந்தவற்றில் வீட்டுக் கேமராக்களும் அடக்கம். தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாதவை அவை. எனவே ரவுட்டரில், சாதனங்கள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யு.பி.என்.பி.யை அணையுங்கள், வெளியிலிருந்து கேமராவை எட்டும்படி போர்ட் திறந்துவிடாதீர்கள், முடிந்தால் கேமராக்களை வி.லேன் என்ற தனி உள்வலையில் வைத்து அவற்றின் இணையத் தொடர்பை முற்றிலும் தடுத்துவிடுங்கள். ஹோம் அசிஸ்டென்ட் மட்டும் அவற்றைப் பார்க்கட்டும். வெளியூரிலிருந்து பார்க்க வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் தரும் மறையாக்கப் பாதை வழியாக வீட்டு வலைக்குள் வாருங்கள். உங்கள் இணைப்பு பலரோடு பொது முகவரியைப் பகிரும் வகையாக இருந்தால் போர்ட் திறந்தும் பயனிருக்காது. அங்கே டெயில்ஸ்கேல் வேலை செய்யும். பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால், கேமராவின் மறைப்புப் பட்டையால் அந்தப் பகுதியைக் கறுப்பாக்கிவிடுவது நம் கடமை.

சேமிப்புக் கணக்கு எளிது. நொடிக்கு 2 மெகாபிட் அளவுள்ள ஓட்டம் ஒரு நாளில் சுமார் 21.6 ஜி.பி. நிரப்பும், நான்கு கேமராக்களுக்கு ஒரு டி.பி. வட்டு பதினோரு நாள் தாங்கும். மெமரி கார்டில் ஓயாமல் பதியாதீர்கள், தேய்ந்துபோகும்.

எல்லாம் முடிந்ததும், ஓர் இரவில் மெயின் சுவிட்சை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ரவுட்டர், ஸ்விட்ச், சிறு கணினி மூன்றும் யு.பி.எஸ்.ஸில் இருந்தால் எதுவும் நிற்கக் கூடாது, யு.பி.எஸ். இல்லையென்றால் எல்லாம் தாமாக எழுந்து, அதே முகவரிகளில் வந்து நிற்க வேண்டும். பிறகு நீங்களே கேட்டைத் திறந்து வாசல்வரை நடந்து பாருங்கள். விளக்கு எரிந்து, அறிவிப்பு வந்து, ஆனால் படத்தின் மூலையில் தேதி மட்டும் 1970 என்று காட்டினால், இணையம் தடுக்கப்பட்ட கேமராவுக்கு நேரம் கேட்க இடமில்லை என்று பொருள். ரவுட்டரிலோ சிறு கணினியிலோ நேரச்சேவையை இயக்கி, அதன் முகவரியைக் கேமராவின் என்.டி.பி. பெட்டியில் எழுதிவிடுங்கள்.